கழுவாத புகை

ஒரு கார்ல பேட்டரியும் இஞ்சினும் மாறி மாறி வண்டி ஓட்டுச்சுங்களாம். அடியில ஒரு டப்பா. இஞ்சின் விடுற புகையைக் கழுவி அனுப்புறது அதோட வேலை. ஆனா உடம்பு சூடானாத்தான் அதால முடியும். மேல்வீட்டு ரங்கநாயகி கூட அப்படித்தான், காபி உள்ள போகாம விளக்குமாத்தைத் தொடமாட்டா. அது கெடக்கட்டும்.

ஊருக்குள்ள பேட்டரிதான் ஓட்டும், டப்பா ஆறிப்போயிடும். வீட்டுச் சந்து மேட்டுல இஞ்சின் திடுக்குனு முழிக்கும். புகை கழுவாமலே போகும். அந்த மேட்டோரத்துல, ஒரு சாக்கு மேல, பூனை ஒண்ணு கண்ணு திறக்காத மூணு குட்டியை வச்சிருந்துச்சு.

"அண்ணே, மேட்டுக்கு அரை நிமிஷம் முன்னாடி என் முன்பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் சூடு குடுங்க"ன்னு டப்பா கெஞ்சுச்சு.

"புகை இஞ்சினோடது. என் சார்ஜை ஏன் கேக்குற? அவன்கிட்ட கேளு"ன்னுச்சு பேட்டரி.

"அவன் முழிச்சாலே புகை வந்துடுதே, அண்ணே."



அன்னிக்கும் புகை போச்சு. குட்டிங்க தும்முனது டப்பாவுக்குக் கேட்டுச்சு. மறுநாள் பூனை குட்டிகளைக் கவ்வி எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோச்சு. ரெண்டு தடவை போச்சு. மூணாவது குட்டிக்காகப் போக வேண்டிய தேவை இல்லாமப் போச்சு.

அடுத்த நாள் மேடு வர்றதுக்கு முன்னாடியே, கேக்காமலே டப்பாவுக்குச் சூடு ஏறுச்சு. புகை சுத்தமாத்தான் போச்சு, அந்த வெறுஞ்சாக்கு மேல.