முப்பத்தெட்டுக் கணு

பவேரியக் காட்டுச் சரிவில் வண்டு துளைத்துச் செத்த ஸ்புரூஸ் மரங்கள் பட்டை உதிர்ந்து வெளுத்து நிற்கின்றன. இடையே இளம் வனக்காவலர் ஒட்டிலி மண்டியிட்டு, இடுப்பளவு ஃபிர் மரக்கன்றின் நுனியை மான் கடிக்காதிருக்க ஆட்டு ரோமம் சுற்றுகிறாள். உறுமும் ரம்பத்தோடு நிற்கும் மரவெட்டி கோர்பினியானுக்குப் பொறுமையில்லை. "நேத்து முளைச்சதுக்கு இவ்வளவு சீராட்டா? தள்ளும்மா, பட்டமரத்தைச் சாய்க்கணும்."

"வருஷத்துக்கு ஒரு கணு. எண்ணிப் பாருங்கண்ணே," என்கிறாள். அவன் குனிந்து எண்ணுகிறான். அடிக்கணுக்கள் பெருமரங்களின் நிழலில் விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த மரங்கள் செத்து வெயில் இறங்கிய கடைசி இரண்டு வருஷமும் கன்று சாண் சாணாகத் தாவியிருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு. அவனுக்கு வயது முப்பத்தாறுதான். ரம்பத்தின் மோட்டாரை நிறுத்தித் தொப்பியைக் கழற்றுகிறான். "எந்தப் பக்கமாச் சாய்க்கட்டும், அண்ணே?" என்று கன்றைக் கேட்கிறான்.