விட்டுப்போன கட்டம்

"கிளாரா வரைஞ்ச படத்தத்தான் தேர்வு பண்ணிருக்காகளாம்" என்று வகுப்புத் தோழி ஜோதிகா சொன்னதும் அனுசுயாவுக்கு வயிறு எரிந்தது.

தேனியில் எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம். பாடம், எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர். போடியில் ஒரு ஏலக்காய் கம்பெனி. அங்கே எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது, எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று மொத்தத்தையும் ஒரே படமாக வரைய வேண்டும். தேர்வான படத்தைக் கம்பெனிக்காரர்கள் முன்னால் விளக்கலாம். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வேலை.

முதல் செமஸ்டரிலிருந்தே கிளாராதான் முதலிடம். மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து வந்தவள். சின்னமனூரில் இங்கிலீஷ் மீடியம் படித்த தன்னை அவள் எப்படி முந்துகிறாள் என்று அனுசுயாவுக்கு ஆறவேயில்லை.

"சாருக்கு அவளக் கண்டாத்தான் பிடிக்குது. நாம செத்துச் செத்து வரைஞ்சாலும் கண்ணுல படாது."

"போயி அவ படத்தப் பாரு. நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜோதிகா.

வகுப்புச் சுவரில் எல்லாருடைய படங்களும் ஒட்டியிருந்தன. கிளாராவின் படத்தில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்த அனுசுயா சட்டென்று நின்றாள்.

குடோனில் எடை போடும் பழைய கம்ப்யூட்டர் அதில் இல்லை.

ஏலக்காயை ஏலம் விடும்போது போகும் எடை விவரம் முழுக்க அதிலிருந்துதான் கிளம்புகிறது. அது நின்றால் ஏலமே நின்றுபோகும். எடை போடுகிறவர்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து அனுசுயா தெரிந்துகொண்டது அது. அவள் படத்தில் இருக்கிறது. ஆனால் கோடுகள் பின்னிக் கிடந்ததில் சார் அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிளாராவே தேடி வந்தாள்.

"அனு, எம் படத்துல ஏதாச்சும் விட்டுப்போயிருக்கா?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அதான் சொல்றேன்ல."

"சரி அனு" என்று சொல்லிவிட்டுப் போனாள் கிளாரா.

மறுநாள் போடியில், வகுப்பே பின்னால் உட்கார்ந்திருக்க, கிளாரா படத்தை விளக்கினாள். மேனேஜர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏம்மா, குடோன்ல எடை போடுறோமே, அந்தக் கம்ப்யூட்டர் இதுல எங்கன இருக்கு?" என்றார்.

அனுசுயா சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

"எம் படத்துல இல்ல சார். நான் அதக் கவனிக்கல" என்றாள் கிளாரா. "எங்க வகுப்புல அதக் கண்டுபிடிச்சது அனுசுயா மட்டுந்தான். சுவத்துல ஒட்டுனப்புறந்தான் அவ படத்துல பாத்தேன். அவ உழைப்ப எடுத்து எம் படத்துல போட்டுக்க மனசு வரல. அவளே வந்து சொல்லட்டும் சார்."

குனிந்திருந்த அனுசுயா நிமிர்ந்தாள். எழுந்து போய்ச் சொன்னாள். மேனேஜர் குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார். முடிந்ததும் இரண்டு பேர் பெயரையும் குறித்துக்கொண்டார்.

படியிறங்கும்போது, "கிளாரா, நேத்து வந்து..." என்று ஆரம்பித்தாள் அனுசுயா.

கிளாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி. நீ சொன்னா, சார்ட்டக் கேட்டு ரெண்டு பேருமா சேந்து பேசலாம்னுதான் நேத்து வந்தேன். எம் மனசு நொந்துரும்னு நீ வாயே தொறக்கல. உன்னைய மாதிரி மனசு யாருக்கு வரும்?"