நேர்த்தையல்

காலை வெயில் கடற்பாலத்தின் ஈரப் பலகைகளில் வழுக்கிக்கொண்டு போகிறது. தையல்காரர் இரைக்குப் பதிலாக மாட்டிய விரல் நீள ரப்பர் மீனைத் தூரமாக வீசிவிட்டுத் தூண்டில் ரீலைச் சுற்றுகிறார். நாற்பது வருட மெஷின் பழக்கம் கையை விடுமா? நேர்த்தையல் போடுவதுபோல ஒரே சீராக, ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றுகிறார். இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. இதுவரை ஒரு மீன்கூட ஏமாறவில்லை. முதல்முறையாகக் கூட வந்திருக்கும் மனைவி, காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். "ஏங்க, உசுருள்ள மீன் எங்கயாவது இப்படிக் கோடு போட்ட மாதிரி நீந்துமா?" என்று திட்டுகிறாள். "ஆமா, நீதான் கடலுக்குள்ள போய்ப் பார்த்தே!" என்று கையை நிறுத்திவிட்டுத் திரும்புகிறார். இழுப்பு நின்றதும் ரப்பர் மீன் துவண்டு, தள்ளாடி, கீழே இறங்குகிறது. வெடுக்கென்று தூண்டில் கம்பு வளைகிறது. "விட்றாதீங்க! விட்றாதீங்க!" வாளி உருண்டோட, அவள் பாய்ந்து வந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை மீன் பலகையில் விழுந்து துள்ள, உப்புத்தண்ணீர் இருவர் முகத்திலும் தெறிக்கிறது. மூச்சு வாங்கச் சிரிக்கிறவர், ரப்பர் மீனை அதன் வாயிலிருந்து கழற்றி மறுபடி வீசுகிறார். பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு அவளைப் பார்க்கிறார்.

"ம், இப்பத் திட்டு."