பளீலாவின் மீன்சட்டி

"இனி மீனுக்கு ஷொப்பிங் பேக் இல்ல. சட்டி, ஏனம் ஏதும் கொண்டு வாங்க" என்று ஹயாத்து முகம்மது சொன்ன நாளிலிருந்து, பள்ளிவாசல்துறையில் இருந்த அவருடைய மீன்கடை வெறிச்சோடிப் போனது. வலையில் மீனைவிடப் பொலித்தீன்தான் கூட வருகிறது என்று கடலுக்குப் போகிறவர்கள் புலம்பியதைக் கேட்டு எடுத்த முடிவு அது.

"கடைக்கு ஆள் வாறதே இல்ல. திரும்பவும் பேக்கக் குடுங்க" என்று மனைவி ஷிம்லா நச்சரித்தாள்.

"சரி, நாளைக்கு பேக் வாங்குவம்" என்றார் அவர், மனமில்லாமல்.

பளீலா மட்டும் தினமும் மூடி போட்ட பெரிய சட்டியோடு வந்தாள். வீட்டில் அவளும் கணவனும்தான். வாங்குகிற மீனோ ஒரு கலியாண வீட்டுக்குப் போதும்.

"பாரையத் தலையோட வெட்டுங்க நாநா. மற்றதுக்குத் தல வேணாம். றாலக் கொஞ்சம் புறம்பாத் தாங்க."

களவாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறாளோ? அன்று அவர் கேட்டேவிட்டார்.

"புள்ள, ஒங்கட வீட்டுக்காரர் இவ்வளவு மீனும் தின்னுவாரா?"

பளீலா சிரித்தாள். "அவர் மீனே தொடமாட்டார் நாநா. இது எங்கட ஒழுங்கையில இரிக்கிற மற்ற வீட்டுக்காரங்களுக்கு. சட்டியத் தூக்கிட்டு றோட்டால வர அவங்களுக்கு வெக்கமாம். எனக்கென்ன வெக்கம்?"

வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "அப்ப என்ட வாடிக்கக்காரர்..?"

"ஒருத்தரும் எங்கயும் போகல்ல நாநா. எல்லாரும் இந்தச் சட்டிக்குள்ளதான் வாறாங்க."