அரை மணி நேர இரவல்

மாரடைப்பு வந்து மூன்று மாதமாகியும் ஞானமுத்துவின் இதயத்தில் ஓரிடத்துக்கு மட்டும் ரத்தம் சரியாகப் போகவில்லை. தினமும் காலையில் ரத்தத்தில் கலந்து மின்னும் குமிழி மாத்திரையை விழுங்கி, நெஞ்சில் படமெடுக்கும் வில்லையை ஒட்டிக்கொண்டால் இதயத்தின் படம் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ரத்தம் பாயும் இடமெல்லாம் பளபளக்கும், அந்த ஓரிடம் கறுப்பாகவே நிற்கும். கறுப்பு போகும்வரை மட்டன் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமையோ மச்சினன் மகள் கல்யாணம், மட்டன் பிரியாணி விருந்து.

"ஏ ரோஸ்லின், இன்னைக்கு ஒரு நாள் இதை நீ ஒட்டிக்கோயேன். உனக்குத்தான் ஒரு சீக்கும் கிடையாதே."

"பிரியாணிக்கு இவ்வளவு பித்தலாட்டமா!" என்று சிரித்துக்கொண்டே அவர் மனைவி மாத்திரையை விழுங்கினாள். வில்லையை ஒட்டிக்கொண்டு, பாழாய்ப்போன வாயு என்று இடது தோளை நீவியபடி தேங்காய் துருவப் போனாள்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஞானமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு உற்சாகமாக எடுத்தார்.

"சார், நேத்து ஒரு இடம்தான் கறுப்பா இருந்துச்சு. இன்னைக்குப் பாதி இதயம் கறுப்பா இருக்கு," என்றாள் நர்ஸ். "அசையாம உட்காருங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு."

அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரோஸ்லின், துருவினது போதும்," என்றார் ஞானமுத்து. போனோடு அடுக்களைக்கு ஓடினார்.