வெறும் அரிசிப் பை

"நோ பாக். சாரி."

கிருஷ்ணராசா பேசுகிற ஆங்கிலம் அவ்வளவுதான்; கேட்டால் விளங்கும். பிரான்சில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்து, ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடை போட்டவர். இருந்தாலும் அந்த மூன்று சொல்லை இவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம்.

எதிரே நின்றவள் சுனிசா. அதே தெருவில் இருக்கும் தாய்லாந்து உணவகத்தில் சமையல் வேலை. அரிசி வந்த வெறும் பைகள் கொஞ்சம் தர முடியுமா என்றுதான் கேட்டாள்.

"ஏன் பிள்ளை, வெறும் பை என்னத்துக்கு?" கல்லாவில் இருந்த அவர் மனைவி நகுலேஸ்வரி மனசு கேட்காமல் ஆங்கிலத்தில் விசாரித்தாள்.

சுனிசா சொன்னாள். அது 2014 பெப்ரவரி. அவளுடைய அப்பா நெல் விவசாயி. நல்ல விலை தருகிறோம் என்று அரசாங்கம் நெல்லை வாங்கிக்கொண்டது. மாதக்கணக்காகியும் பணம் வரவில்லை. அப்பா இப்போது பாங்கொக் தெருவில், மற்ற விவசாயிகளோடு பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

"அப்பா மனம் உடைந்துவிட்டார் ஆன்ட்டி. எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நிலத்தை விற்றுவிடப் போகிறேன் என்கிறார். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் தூதரகத்துக்கு முன்னால் நிற்கப் போகிறேன். ஒரு வெறும் பை என்றால் எங்கள் ஊரில் ஒரு குடும்பம். அப்படி வரிசையாக வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்புவேன்."

"உங்கடை நாட்டு ஆக்கள் வருவினம்தானே?"

"அரசாங்கத்தை எதிர்க்கிறவர்கள், விசில் ஊதிக்கொண்டு எங்களோடு வா என்கிறார்கள். அப்பா அந்த அரசாங்கத்துக்குத்தான் வோட்டுப் போட்டார், நான் எப்படிப் போவேன்? ஆதரிக்கிறவர்கள், இப்போது வாயைத் திறந்தால் எதிரிக்குத்தான் லாபம், பேசாமல் இரு என்கிறார்கள். நான் மட்டும்தான் நிற்பேன்."

கிருஷ்ணராசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் மறுபடியும், "நோ பாக்."

சுனிசா போய்விட்டாள்.

"இஞ்சருங்கோ, ஸ்டோருக்குள்ளை வெறும் பை மடிச்சுக் கிடக்குதெல்லோ! குடுத்தா என்ன குறைஞ்சு போடும்?"

"உமக்கேன் உந்தக் கதை? கணக்கைப் பாரும்."

அதோடு விட்டாரா மனுசன்? அடுத்த நாளே கடை வாசலில் பலகை தொங்கியது. தாய்லாந்து அரிசி, இந்தக் கிழமை விலைக் குறைப்பு!

நகுலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுகள் அங்கை றோட்டிலை கிடக்குதுகள். நீங்கள் இஞ்சை அதுகளின்ரை அரிசியிலை யாவாரம் பாக்கிறியளோ?"

அவர் காதில் விழுந்தால்தானே. பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருந்துவிட்டு வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு என்றால் தாய்லாந்து அரிசிதான். சனம் வந்து அள்ளியது. முதுகு நோகிறது என்று ஒரு தேங்காயைக்கூடத் தூக்காத மனுசன், அரிசிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்து, அங்கே நின்று பல்லைக் காட்டிப் பேசிவிட்டு வந்தார். காசென்றால் முதுகும் நிமிரும் போல என்று நகுலேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவளால் பொறுக்க முடியவில்லை. ஸ்டோருக்குள் போய்க் கிடந்த பைகளை எல்லாம் அள்ளிக் கட்டினாள். பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றினாள்.

"நான் அந்தப் பிள்ளையோடை போய் நிக்கப் போறன். கடையை நீங்களே கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

"போம், போம். குளிருது, கோட்டைப் போட்டுக்கொண்டு போம்."

ரயிலில் போகும்போதும் கோபம் ஆறவில்லை. இந்த மனுசனோடு இவ்வளவு காலம் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சவுத் கென்சிங்டனில் இறங்கித் தூதரகத் தெருவுக்குத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடைபாதை முழுக்கச் சனம். லூர்தம்மா, நிஷாந்தன், நிர்மலன் குடும்பம், கைக்குழந்தையோடு மேனுஷா. எல்லாம் அவர்களுடைய கடை வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெறும் அரிசிப் பை. நடுவில் சுனிசா, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

"நீங்கள் எல்லாரும் எப்பிடி இஞ்சை?"

"உங்கடை அவர்தான் சொன்னவர்," என்றாள் லூர்தம்மா. "காருக்குக் கிட்ட வந்து நிண்டு, வீட்டிலை கிடக்கிற பழைய பையோடை சனிக்கிழமை வரவேணும், ஆரிட்டையும் குடுத்துவிடக் கூடாது, நீங்களேதான் கொண்டு வரவேணும் எண்டு ஒரே பிடி."

சுனிசா கைப்பேசியை உயர்த்தி அப்பாவுக்கு எல்லோரையும் காட்டினாள். திரையில் தெரு விளக்கின் கீழே ஒரு முகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னவோ கேட்டது. அவள் பதில் சொன்னாள். அந்த முகம் இரண்டு கையையும் கூப்பியது.

"அப்பா என்னவாம் பிள்ளை?"

"இவர்கள் எந்தக் கட்சி என்று கேட்டார் ஆன்ட்டி. கட்சி இல்லை அப்பா, நம் அரிசியைச் சாப்பிடுகிறவர்கள் என்றேன். நிலத்தை விற்கவில்லையாம். இன்னும் இருந்து பார்க்கிறாராம்."

நகுலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஃபோன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, ஸ்டோருக்குள்ளை கிடந்த பையை அண்டைக்கே குடுத்திருக்கலாம்தானே. ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"2009இலை, ஊரிலை எங்கடை சனம் சாகேக்கை, நாங்கள் இஞ்சை பாராளுமன்றத்துக்கு முன்னாலை கிடந்த நேரம் எங்களிட்டைக் கொடி குறைவோ, சுலோக மட்டை குறைவோ? பக்கத்திலை வந்து நிக்க, தமிழரில்லாத வேறை சனம்தான் குறைவு." என்றார் கிருஷ்ணராசா. "பையைக் குடுத்திருந்தா, நகுலா, பை மட்டும்தான் போயிருக்கும்."