காளவாசல் முக்கில் புரத வேலை

காலை ஆறு மணிக்குக் காளவாசல் முக்கில் வேலைக்கு நிற்போம். கொத்தனார்கள் நாங்கள் டீக்கடைப் பக்கம், ஆராய்ச்சி டாக்டர்கள் மின்கம்பத்துப் பக்கம். ஆய்வுக்கூடங்களும் இப்போது அன்றாடம்தான் ஆள் எடுக்கின்றன. பத்து நாள் வேலை அமையாவிட்டால் வேலை அட்டையில் ‘டாக்டர்’ என்பதை அழித்துவிடுவார்கள். மின்கம்பத்துப் பக்கம் நின்ற ஜெசிந்தாவுக்கு அன்று பத்தாவது நாள்.

வேன் வந்து நின்றது. மேஸ்திரி தலையை நீட்டினார்.

“டி.என்.ஏ.வுல ஒட்டுற புரதம். எந்த எடத்துல ஒட்டுதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். முடியுமாம்மா?”

ஜெசிந்தா அதில்தான் பதினோரு வருடம் படித்தவர்.

“உறுதியாச் சொல்ல முடியாதுங்க. முடியலாம், ஆனா...”

எங்கள் முக்கில் ‘ஆனா’ என்றால் வேன் கிளம்பிவிடும். எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் முடிக்கிறேன்” என்றேன்.

“ஒனக்குத் தெரியுமாய்யா?”

“தெரியாமயா வந்து நிக்கிறேன்? ஒரு சித்தாள் மட்டும் வேணும். இந்தப் பொண்ணு போதும்.”

வேனில் ஜெசிந்தா மெல்லக் கேட்டார்: “சோணையண்ணே, புரதம்னா என்னன்னு தெரியுமா?”

“பருப்புல இருக்கும்.”

அன்று முழுக்க அவர் வேலை பார்த்தார். நான் சோதனைக் குழாய் கழுவினேன். ஆய்வுக்கூட முதலாளி எட்டிப் பார்த்தபோதெல்லாம் யோசிப்பதுபோல் தாடையைச் சொறிந்தேன். நாலரைக்கே ஒட்டும் இடம் கிடைத்துவிட்டது.

மேஸ்திரி மகிழ்ச்சியோடு இருவர் அட்டையிலும் முத்திரை குத்தினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு ‘டாக்டர்’. அவருக்கு ‘சித்தாள்’.



ஜெசிந்தா அட்டையைப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்கும் என்னையக் கூட்டிட்டுப் போவீங்களா, டாக்டர்?”